உடைந்த மேனிபோல்டு போல்ட்டைக் கழற்றிய அனுபவம்

என்னுடைய கார் 1997 ஆம் ஆண்டு வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் இயந்திரம் ஓடுவது போல ஒரு சத்தம் கேட்கும்; சூடேறியதும் அடங்கிவிடும். டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்றே ஆறு மாதம் நினைத்திருந்தேன். மேனிபோல்டின் (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றியபோதுதான், நான்காவது சிலிண்டர் ஓரத்தில் கேஸ்கட்டைச் (இடைவெளியை அடைக்கும் தகடு) சுற்றிக் கரி படிந்திருப்பதையும், அங்கே இருக்க வேண்டிய போல்ட் தலை இல்லாததையும் கண்டேன். அங்கே புகை கசிந்ததுதான் அந்தச் சத்தம். வார்ப்பிரும்பு மேனிபோல்டு சூட்டில் நீளவாக்கில் விரிந்து சுருங்கும்போது இரு கடைசியிலும் உள்ள போல்ட்டுகளே அதிகம் இழுபடுகின்றன. பெரும்பாலும் அவையே முதலில் உடைகின்றன.

மற்ற போல்ட்டுகளுக்கு மூன்று நாள் காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் விட்டேன். அவை வந்துவிட்டன. உடைந்ததன் அடிக்கட்டை மட்டும் ஹெட்டிலிருந்து (சிலிண்டர்களின் மேல்மூடி) 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது, வைஸ் கிரிப் (இறுகப் பூட்டிப் பிடிக்கும் குறடு) வழுக்கியது. வெல்டிங் பட்டறைக்காரர் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லி, எர்த் கிளிப்பை ஹெட்டிலேயே மாட்டி, கட்டையின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள்ளேயே பற்றவைத்தார். செந்நிறம் மறையும் வரை காத்திருந்து, மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டார். மெழுகு உருகி உள்ளே இறங்கியது. பிறகு ஸ்பானரால் ஒரே பக்கமாகத் திருகாமல், இப்படியும் அப்படியும் மயிரிழை அளவுக்கு ஆட்டிக்கொண்டே இருந்தார். முதல் நட்டு பிய்ந்து வந்தது. இரண்டாவது நட்டில் 'கிரீச்' என்ற ஒலியுடன் போல்ட் அசைந்தது. அந்த ஒலியைக் கேட்ட நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. பற்றவைக்கும் சூட்டில் போல்ட் விரிந்து, ஆறும்போது சுருங்குவதால் துருவின் பிடி விடுகிறது. நட்டு பிடித்துத் திருக உதவுகிறதே தவிர, உண்மையான வேலையைச் செய்வது சூடுதான்.

•

ஐயா, மேலே நீங்கள் எழுதியதைப் படித்து என் அனுபவத்தையும் சொல்கிறேன். உங்களுக்கு போல்ட்டின் அடிக்கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஹெட்டின் மட்டத்திற்கு 2 மி.மீ. உள்ளே உடைந்தது. பஞ்ச் வைத்த புள்ளி நடுவிலிருந்து விலகியதைப் பொருட்படுத்தாமல் துளையிட்டு, எக்ஸ்ட்ராக்டரை (உடைந்த போல்ட்டைத் துளைக்குள் பிடித்துத் திருகி எடுக்கும் கருவி) செலுத்தி, பொறுமையிழந்து அழுத்தித் திருகினேன்; அது உள்ளேயே முறிந்தது. கடினப்படுத்திய எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறவே இல்லை. ஹெட்டை இறக்கிக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் மின்பொறியால் அரித்தெடுக்க வேண்டியதாயிற்று. மரை கெட்டுப்போனதால் கம்பிச் சுருள் மரை பொருத்தினார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் புதிய ஸ்டட் (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்) போட்டு, மரையில் செம்பு கிரீஸ் தடவி, நடுவிலிருந்து இரு புறமாகச் சிறிது சிறிதாக முறுக்கியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கசிவு இல்லை.