புதுப்பிப்பு: பழைய காம்பவுண்ட் வில்லே போதும் என்று முடிவு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டைக்கு என் 2014 மாடல் காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரங்கள் வைத்த நவீன வில்) தாங்குமா, புதிது வாங்கணுமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். "புதுசுதான் வேகம்" என்று பலர் சொன்னீர்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

20 கெஜம் என்பது 60 அடி. விநாடிக்கு 280 அடி பாயும் அம்புக்கு 0.214 விநாடி ஆகும், விநாடிக்கு 300 அடி பாயும் அம்புக்கு 0.2 விநாடி. நாணின் சத்தமோ விநாடிக்கு சுமார் 1,100 அடி வேகத்தில் இரண்டையும் முந்தி மானின் காதுக்குப் போய்விடும், அம்பு வருவதற்குள் மான் மிரண்டு நகரலாம். அதனால் எனக்கு வேகத்தைவிட சத்தம் குறைவதுதான் முக்கியம். விளம்பரத்தில் வரும் வேகமும் பெரும்பாலும் 30 அங்குல இழுப்பு (நாணை இழுக்கும் நீளம்), 70 பவுண்டு விசை, 350 கிரெயின் (சுமார் 23 கிராம்) அம்பு வைத்து அளந்தது. என் இழுப்பு 28 அங்குலம்தான், அம்பும் கனம், அதனால் அந்த வேகம் எனக்கு வராது.

ஆகவே நாணையும் கேபிள்களையும் மட்டும் மாற்றி, கேம்களை (வில் முனையிலுள்ள சக்கரங்களை) சரிசெய்து வாங்கினேன். அம்புமுனைகளும் புதிது. இப்போது அம்புகள் நெருக்கமாக விழுகின்றன, அதிர்வும் நன்றாகக் குறைந்திருக்கிறது.

வில்லின் கைகளில் (மேலும் கீழும் வளையும் பட்டைகளில்) விரிசல் இருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், உடனே மாற்றுங்கள். இழுத்த நிலையில் உடைந்தால் முகத்துக்கே ஆபத்து.