ஃபிலிபஸ்டர்: "நெடும்பேச்சு" போதுமா?

வணக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில், ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வராமல் உறுப்பினர்கள் சிலர் வேண்டுமென்றே தடுப்பதுதான் ஃபிலிபஸ்டர். அதற்கான தமிழ்ச் சொல் பற்றி இங்கே ஒருவர் கேட்டது:

> ஃபிலிபஸ்டர் = நெடும்பேச்சு. எளிமையாக இருக்கிறது. இதற்கு மேல் ஏன் யோசிக்க வேண்டும்?

ஐயா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செனட்டர் ராபர்ட் பேர்டு பற்றிய கட்டுரையில் இதைப் போட்டு எழுதிப் பார்த்தால் பாதியிலேயே இடிக்கிறது. பேர்டு 1959இல் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து செனட்டுக்கு வந்து, 2010இல் 92ஆம் வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். 51 ஆண்டுகள்! நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் வளர்ந்து, இறைச்சிக்கடையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை பார்த்தவர். செனட் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். ஃபிலிபஸ்டரின் எல்லா வடிவங்களையும் அவர் வாழ்க்கையிலேயே பார்த்துவிடலாம்.

"நெடும்பேச்சு" பொருந்துவது 1964க்கு. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து, ஜூன் 9 மாலை எழுந்தவர் மறுநாள் காலைவரை 14 மணி 13 நிமிடம் பேசினார். அவர் முடித்த பிறகு 71–29 என்ற வாக்கில் விவாதத்தை முடித்துவைத்தார்கள், சட்டமும் நிறைவேறியது. இளமையில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பில் இருந்ததற்கும், இந்தப் பேச்சுக்கும் பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். கட்டுரையில் அதையும் மழுப்பாமல் எழுத வேண்டும்.

1977இல் நிலைமை வேறு. இப்போது பேர்டு பெரும்பான்மைக் கட்சித் தலைவர். இயற்கை எரிவாயு மசோதாவில் விவாதத்தை முடிக்கத் தீர்மானம் நிறைவேறிய பிறகும், இரண்டு செனட்டர்கள் நூற்றுக்கணக்கான திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாக்கெடுப்பு கேட்டார்கள். அங்கே பேச்சே ஆயுதம் இல்லை. பேர்டு, அவைக்குத் தலைமை வகித்த துணை அதிபர் மாண்டேலைக் கொண்டு அவற்றை வரிசையாகத் தள்ளுபடி செய்யவைத்தார்.

1988 பிப்ரவரியில் இன்னும் விசித்திரம். தேர்தல் செலவு மசோதாவைத் தடுக்கக் குடியரசுக் கட்சியினர் அவைக்கே வரவில்லை, கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லை. வராதவர்களைக் கைதுசெய்து கொண்டுவரும்படி பேர்டு தீர்மானம் போட்டார். அறைக்கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து உள்ளே இருந்த ஓரிகன் செனட்டர் பேக்வுட்டை, நள்ளிரவு தாண்டிக் காவலர்கள் கால் முன்னால் வரத் தூக்கிவந்து அவையில் விட்டார்கள். அப்படியும் மசோதா தப்பவில்லை. விவாதத்தை முடிக்க எட்டு முறை வாக்கெடுத்தும் அதற்குத் தேவையான 60 பேர் கிடைக்கவில்லை.

இன்றைக்கோ யாரும் எழுந்து நிற்கக்கூடத் தேவையில்லை. 1970களில் இரட்டைத்தட முறை வந்த பிறகு, எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிந்தாலே மசோதாவை ஓரங்கட்டிவிட்டு அவை வேறு வேலையைப் பார்க்கிறது. இன்னொரு நண்பர் சொன்ன "அவைமுடக்கம்" இதனால்தான் பொருந்தாது. நம் நாளிதழ்கள் அதைக் கோஷமிட்டு அவையை நிறுத்துவதற்கு எழுதுகின்றன. இங்கே நிற்பது மசோதா மட்டும்தான்.

ஆகவே என் முன்மொழிவு: விவாத இழுத்தடிப்பு. சுருக்கமாக இழுத்தடிப்பு. பேசியும் இழுத்தடிக்கலாம், திருத்தம் கொடுத்தும், வராமல் இருந்தும் இழுத்தடிக்கலாம். வேண்டுமென்றே செய்வது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. இதற்கு எதிரான நடவடிக்கை, அதாவது குளோச்சர், விவாத முடிப்பு.

இழுத்தடிப்பு வசைபோல ஒலிக்கிறதே, கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ஃபிலிபஸ்டரும் கடற்கொள்ளையரைக் குறித்த டச்சுச் சொல்லிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்ததுதான். செனட்டர்கள் அதையே சகஜமாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

"நெடும்பேச்சு" வீணாகவும் வேண்டாம். 1957இல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசியதைப் போன்றவற்றுக்கு, இழுத்தடிப்பின் ஒரு வகையாக அதை வைத்துக்கொள்ளலாம். கட்டுரையில் இப்படி வரும்: "1964இல் பேர்டு நெடும்பேச்சால் விவாதத்தை இழுத்தடித்தார், 1977இல் மற்றவர்களின் இழுத்தடிப்பை முறியடித்தார்."

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தச் சொற்களைக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.