200 டாலர் ஸ்கோப்: ஆயுள் வாரண்டியை நம்பி வாங்கலாமா?

பெரியகுளத்தான் (மாடிசன், விஸ்கான்சின்)
எல்லோருக்கும் வணக்கம். இந்த நவம்பரில் முதல் தடவையாக மான் வேட்டைக்குப் போகிறேன். .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கியாயிற்று. ஸ்கோப்புக்கு (குறிபார்க்க ரைஃபிள் மேல் மாட்டும் தொலைநோக்கி) 200 டாலருக்கு மேல் செலவழிக்க வழியில்லை. கடையில் 3-9x40 அளவில் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்) நாலைந்து காட்டினார்கள். எல்லாமே சீனத் தயாரிப்பு, எல்லாவற்றுக்கும் ஆயுள் வாரண்டி. எது கெட்டாலும் மாற்றித் தந்துவிடுவார்கள், கவலைப்படாதீர்கள் என்றார் கடைக்காரர். கூட வேலை செய்யும் நண்பரோ இன்னும் நூறு டாலர் போட்டு மேலே ஒன்று வாங்கு என்கிறார். வாரண்டி இவ்வளவு பலமாக இருக்கும்போது அந்த நூறு டாலர் எதற்கு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காடு (சான் அன்டோனியோ)
உங்கள் நண்பர் சொல்வது சரி. விஸ்கான்சினில் துப்பாக்கி சீசன் மொத்தமே ஒன்பது நாள். தேங்க்ஸ்கிவிங்கிற்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பிக்கும், அடுத்த ஞாயிறு முடிந்துவிடும். சனிக்கிழமை காலையில் ஸ்கோப் ஜீரோவை (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்த நிலையை) விட்டுவிட்டால், நீங்கள் படிவம் நிரப்பி, எண் வாங்கி, பார்சல் கட்டி அனுப்பி, அவர்கள் பார்த்துத் திருப்பி அனுப்புவதற்குள் கிறிஸ்துமஸே வந்துவிடும். புது ஸ்கோப் கைக்கு வரும், போன சீசன் வராது.

இன்னொன்று, குறி தவறினால் மான் தப்பிவிட்டது என்று போய்விட முடியாது. வயிற்றில் அடிபட்ட மான் சதுப்புக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். ரத்தத் தடம் பிடித்துப் போனாலும் கிடைக்காமல் போகலாம். அதற்கு எந்த வாரண்டி இருக்கிறது? ஜீரோ நிற்கும் என்று நம்பிக்கை இல்லாத ஸ்கோப்பை உயிருள்ள ஒன்றின் மேல் திருப்பக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

ஏரிக்கரை (மிச்சிகன்)
கரிசல் அண்ணே, நீங்கள் சொல்வது 500 டாலர் ஸ்கோப்புக்கும் பொருந்தும். விலை கூடினால் கெடவே கெடாது என்று யார் சொன்னது? எங்கள் ஊரில் சீசன் நவம்பர் 15 முதல் 30 வரை. என்னோடு வரும் கூட்டத்தில் பாதிப் பேர் 200 டாலருக்குள் வாங்கியதைத்தான் வைத்திருக்கிறார்கள், வருஷா வருஷம் மானும் அடிக்கிறார்கள்.

வாரண்டியை இவ்வளவு அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். வோர்டெக்ஸ் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது வேண்டாம், பதிவு அட்டை வேண்டாம், யார் முதலில் வாங்கினார்கள் என்ற கேள்வி கிடையாது. கீழே போட்டு உடைத்தாலும் பழுது பார்த்துத் தருவார்கள், முடியாவிட்டால் வேறொன்று தருவார்கள். தொலைத்தால், திருட்டுப் போனால், வேண்டுமென்றே உடைத்தால், வெளியே கீறல் விழுந்தால் மட்டும் கிடையாது. அவர்களுடைய விலை குறைந்த கிராஸ்ஃபயர் சீனாவில் செய்தது, உச்சத்தில் இருக்கும் ரேஸர் ஜப்பானில் செய்தது. இரண்டுக்கும் அதே வாரண்டிதான். முதல் ரைஃபிள் வாங்குகிற ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மிச்சமாகிற நூறு டாலருக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகட்டும். ஜீரோ நகர்கிற ஸ்கோப்பைவிடப் பழகாத கைதான் அதிக மான்களைக் காயப்படுத்துகிறது.

கரிசல்காடு
பழக வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஜீரோ நிற்காத ஸ்கோப்பில் எதைப் பழகுவது? தப்பு கையிலா கண்ணாடியிலா என்றே தெரியாதே.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளிக்குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. மேல் டரெட்டும் பக்கத்து டரெட்டும் (குறியை கிளிக் கிளிக்காக நகர்த்தும் திருகுகள்) அதை ஒரு பக்கம் தள்ளும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்ப்ரிங் தாங்கிப் பிடிக்கும். குறி நிற்பதும் நகர்வதும் அந்த ஸ்ப்ரிங்கின் கையில். காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. நான் முன்பு வைத்திருந்த ஒன்றில் (பெயர் வேண்டாம்) மேலே நாலு கிளிக் திருப்பிச் சுட்டால் ஓட்டை பழைய இடத்திலேயே விழும். அடுத்த குண்டும் அங்கேதான். மூன்றாவது குண்டின் உதையில் உள்ளே எதுவோ விடுபட்டு நாலு கிளிக்கும் ஒரேயடியாகத் தாவும். அதற்குள் பொறுமை போய் இன்னும் நாலு கிளிக் திருப்பியிருப்போம். அந்தக் காலத்து ஆட்கள் டரெட்டைத் திருப்பிவிட்டுக் காசாலேயோ தோட்டாவின் அடியாலேயோ ரெண்டு தட்டு தட்டுவார்கள், இதற்காகத்தான்.

திருப்பி அனுப்பினேன், மாற்றியும் தந்தார்கள். மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் வந்தது அதே மாடல், அதே ஸ்ப்ரிங்.

திருகாணி (ஒஹாயோ)
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். துப்பாக்கிக் கடையில் பின்பக்கம் மேஜையில் வேலை பார்க்கிறேன். "ஸ்கோப் போய்விட்டது, வாரண்டிக்கு அனுப்புங்கள்" என்று வருகிறவர்களில் கணிசமான பேருக்கு ஸ்கோப்பில் ஒன்றும் இருக்காது. பேஸ் (ரைஃபிள் மேல் ரிங் உட்காரும் தகடு) ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். ரிங்கை (ஸ்கோப் குழாயைப் பிடிக்கும் வளையம்) ஒருவர் தளர்வாக முறுக்கியிருப்பார், இன்னொருவர் குழாய் நசுங்கும் அளவுக்கு. பெரும்பாலான ரிங் மூடிகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) இல்லாமல் அதைப் பிடிக்க முடியாது. ஸ்டாக்கில் ஆக்‌ஷனைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் பாருங்கள், அதை யாருமே பார்ப்பதில்லை.

ரிங் குழாயைத் தொடும் இடத்தில், பாதி ரிங்கிலும் பாதி குழாயிலும் படுகிற மாதிரி நகப்பாலிஷால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். இருபது ரவுண்டு சுட்டபிறகு கோடு உடைந்திருந்தால் ஸ்கோப் ரிங்குக்குள் சறுக்குகிறது என்று அர்த்தம். ஸ்கோப்பைக் குறை சொல்லாதீர்கள், ரிங்கைச் சரி பண்ணுங்கள். கோடு அப்படியே இருந்து குறி மட்டும் அலைந்தால், நன்றாக இருக்கும் என்று தெரிந்த வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சுடுங்கள். அதிலும் அலைந்தால் ரைஃபிளில் கோளாறு. இதெல்லாம் முடித்தபிறகுதான் வாரண்டி. இல்லாவிட்டால் "பரிசோதித்தோம், குறையில்லை" என்ற சீட்டோடு திரும்பி வரும்.

ஏரிக்கரை
திருகாணி சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள் கரிசல் அண்ணே. மலிவு ஸ்கோப் கெட்டது என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேர் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறார்கள்? 200 டாலர் ஸ்கோப் வாங்குகிறவர் இருப்பதிலேயே மலிவான ரிங் வாங்கி, கையில் கிடைத்த எல் சாவியால் முறுக்குகிறார். 800 டாலர் ஸ்கோப் வாங்குகிறவர் நல்ல ரிங் வாங்கிக் கடையிலேயே மாட்டிக்கொள்கிறார். அப்புறம் மலிவு ஸ்கோப்புக்குத்தான் கெட்ட பெயர்.

கரிசல்காடு
அது பாதி உண்மை. டார்க் ரெஞ்ச் வைத்து மாட்டியதும் அலைந்திருக்கிறது. சரி, ஒரு கேள்வி. .308 உதையைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம்? டெக்சாஸில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுடலாம். மான் வெளியே வருவதே அந்த நேரத்தில்தான். மலிவுக் கண்ணாடியில் அப்போது கொம்பு எது கிளை எது என்று தெரியாது. இதை எந்த வாரண்டியிலும் மாற்றித் தரமாட்டார்கள். அது பழுதில்லை, அவர்கள் விற்ற பொருளே அவ்வளவுதான்.

ஏரிக்கரை
9 மடங்கில் வைத்துக்கொண்டு பார்த்தால் தெரியாதுதான். 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடியை 9ஆல் வகுத்தால் கண்ணுக்கு வருவது 4.4 மில்லிமீட்டர் வெளிச்ச வட்டம். 6 மடங்குக்கு இறக்கினால் 6.7. இருட்டில் விரிந்த கண்மணிக்கு அது தாராளம். நூறு கெஜத்துக்குள் நிற்கும் மானுக்கு 6 மடங்கே அதிகம். கண்ணாடித் தரத்தில் வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாதிப் பேர் அந்த வளையத்தைத் திருப்புவதே இல்லை.

சிறுவாணி (கோயம்புத்தூர்)
உங்கள் சண்டைக்கு நடுவே எங்கள் பாட்டையும் கேளுங்கள். இங்கே 4.5 மில்லிமீட்டர் வாய், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் ஏர் ரைஃபிளுக்கு லைசன்ஸ் வேண்டாம், 2016 ஆயுத விதிகள்படி. அதில் தகரக் குறி சுடுவதுதான் என் பொழுதுபோக்கு. ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள் சாதாரண ரைஃபிளைவிட ஸ்கோப்பைக் கொல்லும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கியே முன்னால் இழுக்கும். வழக்கமான ஸ்கோப் பின்உதையை மட்டும் எதிர்பார்த்துச் செய்தது. முன்னிழுப்பில் ரெட்டிக்கிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) கழன்றுவிடும், லென்ஸ் தளரும்.

அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பெரிய ஆயுள் வாரண்டியோடு ஒன்று கொண்டுவந்து தந்தார். ரெட்டிக்கிள் சாய்ந்துவிட்டது. கம்பெனிக்கு எழுதினேன். அமெரிக்க முகவரியிலிருந்து அனுப்பினால் பார்க்கிறோம், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப முடியாது என்று பணிவாகப் பதில் வந்தது. எனக்கு அந்த வாரண்டி வெறும் காகிதம். இப்போது ஏர்கன்னுக்கென்றே செய்த, இங்கேயே விற்பனையாளர் இருக்கிற ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன்.

திருகாணி
சிறுவாணி சொன்னதில் இங்கே இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து ரைஃபிள் ஸ்கோப் வெளிநாடு போவது வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. பல நாடுகளுக்கு உரிமம் வேண்டும். பெட்டிக்குள் துணிமணியோடு வைத்து எடுத்துப்போனாலும் அதுவும் ஏற்றுமதிதான். தம்பிக்கு, மச்சானுக்கு என்று ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் தயவுசெய்து விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். கம்பெனிகள் திருப்பி அனுப்ப மறுப்பதற்கும் அது ஒரு காரணம்.

பெரியகுளத்தான்
எல்லாருக்கும் நன்றி. வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தேன். நான் பார்த்த இரண்டில் ஒன்றில் 'வரம்புக்குட்பட்ட ஆயுள் வாரண்டி' என்று இருக்கிறது. இன்னொன்றில் வரம்பு என்ற பேச்சே இல்லை. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.

ஏரிக்கரை
ஒன்றில்லை தம்பி. 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, எழுதித் தருகிற வாரண்டி முழுமையானதா வரம்புக்குட்பட்டதா என்று தலைப்பிலேயே சொல்லியாக வேண்டும். முழு வாரண்டி என்றால் அந்தக் காலத்துக்குள் யார் கையில் இருந்தாலும் செல்லும், இலவசமாகச் செய்ய வேண்டும், நியாயமான தடவைகள் முயன்றும் சரியாகாவிட்டால் மாற்றுப் பொருளோ பணமோ நீங்கள் கேட்பதைத் தர வேண்டும். வரம்புக்குட்பட்டது என்றால் இதில் எதை வேண்டுமானாலும் குறைத்திருக்கலாம். முதலில் வாங்கியவருக்கு மட்டும், ரசீது இருந்தால் மட்டும், விளக்கெரிகிற ரெட்டிக்கிளின் மின்னணுப் பகுதிக்குச் சில வருஷம் மட்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். கடையில் நின்றே படியுங்கள்.

கரிசல்காடு
இதில் ஏரிக்கரை சொல்வதை அப்படியே ஏற்கிறேன். நான் சேர்ப்பது இதுதான்: வாரண்டியை நம்புவதற்கு முன்னால் கடையின் திருப்பித்தரும் கெடு எத்தனை நாள் என்று கேளுங்கள். மாட்டிச் சுட்டபிறகு எடுத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள், சில கடைகள் மாட்டேன் என்பார்கள். அந்தக் கெடுவுக்குள் சோதித்துவிடுங்கள். நூறு கெஜத்தில் உயரமான காகிதம், நடுவில் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்துக் கோடு, அடியில் ஒரு புள்ளி. புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டு. மேலே 40 கிளிக். அதே புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டு. கால் எம்ஓஏ கிளிக் (ஒரு எம்ஓஏ நூறு கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்) என்றால் கூட்டம் பத்தரை அங்குலம் மேலே, கோட்டின் மேலேயே விழ வேண்டும். திரும்ப 40 கிளிக் இறக்கினால் முதல் கூட்டத்தின் மேலேயே விழ வேண்டும். அங்கே விழாவிட்டால் அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுங்கள். ஆகஸ்டிலேயே செய்யுங்கள், நவம்பரில் வேண்டாம்.

ஏரிக்கரை
அப்போது 200 டாலர் ஸ்கோப் இந்தச் சோதனையில் தேறினால் உங்களுக்குச் சம்மதமா?

கரிசல்காடு
தேறினால் கொண்டுபோகட்டும். ஆனால் என்னிடம் 200 டாலர்தான் இருக்கிறது என்றால் நான் புதிதாக எதையும் வாங்க மாட்டேன். கைமாறினாலும் செல்லும் வாரண்டி உள்ள கம்பெனியின் பழைய ஸ்கோப் ஒன்றைத் தேடுவேன். லூப்போல்டு 1947இலிருந்து ஸ்கோப் செய்கிறார்கள், அவர்களுடைய ஆயுள் உத்தரவாதத்துக்கு ரசீதும் வேண்டாம், முதல் உரிமையாளராக இருக்கவும் வேண்டாம். 300 டாலர் தரத்தில் உள்ளது பழையதாக 200க்கு அடிக்கடி வருகிறது.

ஏரிக்கரை
முதல் தடவை வாங்குகிறவரைப் பழைய பொருள் பக்கம் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரிய பெயர்களில் போலி ஸ்கோப்புகள் எக்கச்சக்கமாகச் சுற்றுகின்றன. போலிக்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது.

கரிசல்காடு
அதற்குத்தான் சீரியல் எண் இருக்கிறது. பெரியகுளத்தான், பழையது பார்த்தால் காசு கொடுக்கும் முன் எண்ணைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிக் கேளுங்கள். விற்கிறவர் எண்ணைக் காட்டத் தயங்கினால் அங்கே நிற்காதீர்கள்.

பெரியகுளத்தான்
சனிக்கிழமை ஒருவர் பழைய 3-9x40 ஒன்றை 190க்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எண்ணைக் கேட்டிருக்கிறேன். வராவிட்டால் ஏரிக்கரை அண்ணன் சொன்ன வரம்பில்லாத வாரண்டி உள்ளதை வாங்குகிறேன். எதுவானாலும் டார்க் ரெஞ்ச் இன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன்.