ஹைப்ரிட்டில் கீழ் வேரியன்டா, மேல் வேரியன்டா, இல்லை டிசிடி டர்போவா?

செங்காங்_அப்பா:

வணக்கம் நண்பர்களே. பழைய காரின் சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்து வருட உரிமை) அடுத்த ஆண்டு முடிகிறது. புதுப்பிக்க மனமில்லை, புதிதாகவே எடுத்துப் பத்து வருடம் ஓட்டிவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. நாங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு, அப்புறம் அம்மா. எஸ்யூவி வேண்டாம். அம்மா குள்ளம், ஷோரூமில் ஒன்றில் ஏற்றிப் பார்த்தோம், கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறை. ஆக, கொஞ்சம் பெரிய செடான் என்று முடிவு.

இதற்கு மேல்தான் மண்டை காய்கிறது. ஒரு ஜப்பானிய 2.5 ஹைப்ரிட் பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு வேரியன்ட். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டிலும் ஒன்றே, ஆனால் மேல் வேரியன்ட் 14,000 வெள்ளி அதிகம். அதற்கு என்ன தருகிறார்கள் என்றால் காற்று வரும் சீட், 360 டிகிரி கேமரா, கண்ணாடிக் கூரை, 18 அங்குலச் சக்கரம், பேர்போன ஸ்பீக்கர். இன்னொரு பக்கம் ஓர் ஐரோப்பிய 1.5 டர்போ, ஏழு கியர் டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோ கியர்பாக்ஸ்). மேலே சொன்ன வசதிகள் மொத்தமும் அதில் இருக்கின்றன, சின்ன கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ என்பதால் விலையும் குறைவு. ஓட்டிப் பார்த்தேன், மிதித்தால் பாய்கிறது. ஹைப்ரிட்டில் அந்தச் சுகம் இல்லை, சத்தம்தான் முதலில் வருகிறது, வேகம் அப்புறம்.

தினமும் செங்காங்கிலிருந்து ஜூரோங்குக்கு வேலை, காலையில் பிஐஇ விரைவுச்சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வார இறுதியில் மனைவி ஓட்டுவார், அவருக்கு ஆட்டோ கார் மட்டும் ஓட்டும் 3ஏ லைசென்ஸ், அதனால் தயவுசெய்து யாரும் மேனுவல் எடு என்று ஆரம்பிக்க வேண்டாம். பள்ளி விடுமுறைக்கு மலேசியாவில் ஈப்போவில் சொந்தக்காரர் வீடு, சில சமயம் கெந்திங் மலை. நீங்களாக இருந்தால் எதைப் பார்த்து முடிவெடுப்பீர்கள், கியர்பாக்ஸையா, வசதிகளையா?

எண்ணெய்க்கை:

அண்ணே, காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதெல்லாம் கெட்டுப்போன கியர்பாக்ஸ்தான், அதனால் என் கண்ணுக்கு உலகமே கொஞ்சம் கெட்டதாகத் தெரியும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

டிசிடி உள்ளே பார்த்தால் மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் மிதிக்கிறது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று, அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்கும். நீங்கள் சொல்லும் பாய்ச்சல் பாதி அதனால்தான், மீதி டர்போ. வேகமாகப் போனால் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஊர்ந்து போனால்தான் கஷ்டம். முன்னால் இருப்பவர் அரை மீட்டர் நகர, நீங்களும் அரை மீட்டர் நகர, ஒவ்வொரு தடவையும் கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்குகிறது, சூடேறுகிறது. ட்ரை கிளட்ச் என்றால் அந்தச் சூட்டை எடுத்துப்போக எண்ணெய் கிடையாது. நம்ம ஊர் வெயிலில், நம்ம ஊர் நெரிசலில், சில வருடம் கழித்துப் புறப்படும்போது ஒரு நடுக்கம் வரும், அப்போதுதான் என்னைத் தேடி வருவார்கள். வெட் கிளட்ச் எண்ணெயில் மூழ்கி இருக்கும், இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் எண்ணெயையும் ஃபில்டரையும் காலத்தில் மாற்ற வேண்டும், அதற்குச் செலவு உண்டு. சின்ன டர்போ எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் ட்ரைதான் போடுகிறார்கள். நீங்கள் பார்த்த காரில் எது என்று விற்பனையாளரைக் கேளுங்கள். தெரியாது என்றால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள், விடாதீர்கள்.

ஹைப்ரிட்டுக்கு வருவோம். அதன் கியர்பாக்ஸுக்கு இ-சிவிடி என்ற பெயரைப் பார்த்தே பலர் முகம் சுளிக்கிறார்கள். சாதாரண சிவிடியில், அதாவது கியர் படிகளே இல்லாத ஆட்டோவில், இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே ஒரு இரும்பு பெல்ட் ஓடும், தேய்வதும் வழுக்குவதும் அங்கேதான். டொயோட்டா ஹைப்ரிட்டில் அந்த பெல்ட்டே கிடையாது. கிரக கியர் தொகுப்பு ஒன்று, இரண்டு மின்மோட்டார், அவ்வளவுதான். டார்க் கன்வர்ட்டர் இல்லை, தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை, அந்த வேலைகளையும் அதே மோட்டார்கள் பார்த்துக்கொள்கின்றன. ஹோண்டா வேறு வழியில் போகிறது: பெரும்பாலான நேரம் மோட்டாரே சக்கரத்தைச் சுற்றும், விரைவுச்சாலை வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கும். நீங்கள் பார்த்தது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பிஐஇ நெரிசலுக்கு இந்த வகைதான் பொருத்தம். அந்த முக்கல் சத்தம் இருக்கத்தான் செய்யும், முழுதாக மிதிக்கும்போது மட்டும். இங்கே விரைவுச்சாலையில் 90க்கு மேல் போக வழியில்லை, எத்தனை தடவை முழுதாக மிதிக்கப்போகிறீர்கள்?

கெந்திங்கிலிருந்து இறங்கும்போது மட்டும் கவனம். நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் மோட்டார் இழுத்துப் பிடிப்பது குறையும், கியரை பி (B, எஞ்சின் பிரேக்) நிலையில் போட்டு எஞ்சினை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள், பிரேக்கையே அழுத்திக்கொண்டு வராதீர்கள்.

நீலவண்டி:

டிசிடி என்றாலே பூச்சாண்டி காட்டுவதா? நம்ம ஊர் டாக்சிகளில் எத்தனை ஹூண்டாய் ஐயோனிக் ஹைப்ரிட் ஓடின, அதிலும் ஆறு கியர் டிசிடிதான். டாக்சியை விட நெரிசலில் நிற்கும் வண்டி எது? நானும் டிசிடிதான் ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. முன் வண்டிக்கும் எனக்கும் நடுவே இடம் விட்டு நிற்பேன், பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆட்டோ ஹோல்ட் போட்டுவிடுவேன், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திக்கொண்டு வண்டியைத் தாங்கி நிறுத்த மாட்டேன். ஓட்டும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது.

எண்ணெய்க்கை:

நீங்கள் சொல்லும் பழக்கம் எல்லாம் சரி, டிசிடி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அப்படி ஓட்டினால் எனக்குப் பாதி வேலை குறையும். ஆனால் ஐயோனிக்கை இதோடு சேர்க்காதீர்கள். அதில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மின்மோட்டார் உட்கார்ந்திருக்கிறது, மோட்டாரால் நின்ற நிலையிலிருந்தே இழுக்க முடியும், கிளட்ச் வழுக்க வேண்டிய அவசியம் ரொம்பக் குறைவு. வெறும் பெட்ரோல் எஞ்சினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அது ஐடில் வேகத்துக்குக் கீழே சுற்றினால் அணைந்துவிடும், ஆகவே ஊர்வதற்கு கிளட்ச் வழுக்கித்தான் ஆகவேண்டும்.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் இரும்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் தாளைப் பற்றிப் பேசுகிறேன். செங்காங் அண்ணே, அந்த இரண்டு வேரியன்டுக்கும் ஓஎம்வி, அதாவது வரிக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு, எவ்வளவு என்று கேட்டீர்களா? 14,000 வெள்ளி நியாயமா இல்லையா என்பது அதில்தான் தெரியும். பேச்சுக்கு, வித்தியாசம் 2,000 வெள்ளி என்று வையுங்கள். அதற்கு 20% சுங்கத் தீர்வை 400. இரண்டும் சேர்ந்த 2,400க்கு 9% ஜிஎஸ்டி 216. ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம் இருக்கிறதே, ஓஎம்வியின் முதல் 20,000க்கு 100%, அடுத்த 20,000க்கு 140%. இந்த மாதிரி செடான் அந்த இரண்டாவது படியில் இருக்கும், ஆகவே 2,800. கூட்டினால் 5,416 வெள்ளி. சிஓஇ இரண்டுக்கும் ஒன்றுதான், கண்ணாடிக் கூரை வைத்த காருக்கு அரசாங்கம் தனி சிஓஇ கேட்பதில்லை. அப்படியானால் மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம் எங்கே போகிறது? ஷோரூமுக்கு. பேரம் பேச இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஏ பிரிவு மலிவு என்கிறீர்கள், உண்மைதான், ஆனால் எவ்வளவு மலிவு என்பது ஏலத்துக்கு ஏலம் மாறும். 2023 அக்டோபரில் ஓர் ஏலத்தில் ஏ 106,000, பெரிய கார்களுக்கான பி 150,001 வெள்ளி, 44,001 வித்தியாசம். எப்போதும் அவ்வளவு விலகி இருக்காது, ஆகவே இன்றைய வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுங்கள். இன்னொன்று, ஏ பிரிவுக்குள் வர 1600 சிசி மட்டும் போதாது, 2014 முதல் சக்தியும் 97 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. சில கார்களை அதற்காகவே சக்தி குறைத்து இங்கே அனுப்புகிறார்கள். வெளிநாட்டு வீடியோவில் அதே பெயருள்ள காரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், இங்கே வரும் கார் அது இல்லை.

ஹைப்ரிட் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் என்பதையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவோம். 1.5 லிட்டருக்குச் சாலை வரி வருடம் 683 வெள்ளி சுமார். 2.5 லிட்டருக்கு சிசி கணக்கில் 1,780 வரும். வித்தியாசம் 1,100. வருடம் 17,000 கிலோமீட்டர், டர்போ லிட்டருக்கு 14, ஹைப்ரிட் 20, பெட்ரோல் 2.80 வெள்ளி என்று வைத்தால் ஹைப்ரிட்டில் மிச்சமாவது ஆயிரம் வெள்ளிச் சொச்சம். மிச்சம் பிடித்ததைச் சாலை வரியில் கட்டிவிடுகிறீர்கள், தீர்ந்தது. ஆகவே பெட்ரோலுக்காக ஹைப்ரிட் எடுக்காதீர்கள், எண்ணெய்க்கை சொன்ன காரணத்துக்காக எடுங்கள்.

கடன் விஷயம் தெரிந்திருக்கும்: ஓஎம்வி 20,000ஐத் தாண்டினால் 60% மட்டும்தான், அதிகபட்சம் ஏழு வருடம். மேல் வேரியன்டுக்கான 14,000ல் 5,600 உங்கள் கையிலிருந்து ரொக்கமாகப் போகும்.

தெம்பனிஸ்காரி:

ஆண்கள் எல்லாரும் கியர்பாக்ஸ், ஏஆர்எஃப் என்று போய்விட்டீர்கள். வார இறுதியில் அந்தக் காரை பலமாடிக் கார் நிறுத்தத்தில் நுழைத்து எடுக்கப்போவது செங்காங் அண்ணி. இங்கே ஒரு கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். கேம்ரி மாதிரி செடான்கள் 1.84 மீட்டர் அகலம், நீளம் 4.9 மீட்டர் பக்கம், அதாவது கட்டத்தை விடக் காரே நீளம். பக்கத்தில் தூண் இருந்தால் அம்மா இறங்கக் கதவைத் திறக்க முடியாது, முதலில் அவரை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது 360 கேமராதான். காற்று வரும் சீட்டும் பரவாயில்லை, ஈப்போ வரை போனால் முதுகு வியர்க்காது, ஆனால் பல கார்களில் அது முன் சீட்டுக்கு மட்டும்தான், பின்னால் உட்காரும் அம்மாவுக்குப் பிரயோஜனம் இல்லை. பின் சீட்டுக்கு ஏசி துவாரம் இருக்கிறதா, ஜன்னலுக்கு வெயில் திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது கீழ் வேரியன்டிலும் இருக்கலாம்.

கண்ணாடிக் கூரை எதற்கு? மதியம் ஒரு மணிக்குத் திறந்துவைத்து என்ன பார்க்கப் போகிறோம்? திரையை இழுத்து மூடியே வைத்திருப்போம், பின்னால் தலைக்கு மேல் இடமும் குறையும். 18 அங்குலச் சக்கரத்துக்கு டயர் விலை அதிகம், டயர் ஓரம் மெலிசு, மலேசியச் சாலையில் ஒரு குழியில் விழுந்தால் தெரியும். அம்மாவின் முழங்காலுக்கு 17 அங்குலமே மெத்து. வசதி என்ற பெயரில் அவர்கள் விற்பதில் இரண்டு உங்களுக்கு அசௌகரியம்தான்.

கேட்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டீர்கள்: கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை எச்சரிக்கும் வசதி கீழ் வேரியன்டில் இருக்கிறதா? சாயங்காலம் மலேசிய எல்லை இருக்கும் துவாஸ் பக்கம் இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டு போகும்போது அதுதான் வேண்டும். நெரிசலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் க்ரூஸ் கன்ட்ரோலும் அப்படியே. அவை இரண்டும் கீழ் வேரியன்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். இல்லையென்றால் மேல் வேரியன்ட், வேறு பேச்சே இல்லை.

செங்காங்_அப்பா:

எல்லாருக்கும் நன்றி. விசாரித்துவிட்டு வந்தேன். ஐரோப்பியக் காரில் ட்ரை கிளட்ச்தான். விற்பனையாளர் முதலில் மழுப்பினார், அப்புறம் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார். மனதை விட்டுப் போக மறுக்கிறது அந்தக் கார், ஆனால் பத்து வருடம் பிஐஇயில் ஊரப்போகிறவன் அதை எடுக்கக்கூடாது என்று புரிகிறது.

ஹைப்ரிட்டில் ஓஎம்வி வித்தியாசம் கணக்குப்பிள்ளை ஊகித்ததற்கு ரொம்பப் பக்கம். அதைச் சொன்னதும் விற்பனையாளர் முகம் கொஞ்சம் மாறியது, மேல் வேரியன்டுக்கு 3,000 குறைக்கிறேன் என்றார். பக்க எச்சரிக்கை, க்ரூஸ் இரண்டும் கீழ் வேரியன்டிலேயே இருக்கின்றன, பின் ஏசி துவாரமும் உண்டு. இல்லாதது 360 கேமராதான். மனைவி இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கேமரா இல்லாமல் நம் புளோக் கார் நிறுத்தத்துக்குள் வர மாட்டேன் என்கிறார். கேமராவை மட்டும் வெளியே வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன?

எண்ணெய்க்கை:

போடலாம், ஆனால் வெளியே போடாதீர்கள். ஒயரை வெட்டி இணைத்தார்கள் என்றால் நாளைக்கு மின்கோளாறு எது வந்தாலும் வாரண்டி கிடையாது என்று கைவிரிக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும், ஹைப்ரிட்டில் அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம். கீழ் வேரியன்ட் எடுக்கிறேன், 360 கேமராவை நீங்களே பொருத்தித் தாருங்கள் என்று ஷோரூமிலேயே கேளுங்கள். மேல் வேரியன்டில் 3,000 குறைக்க முடிந்தவர்கள் இதைச் செய்வார்கள். வாய்வார்த்தை வேண்டாம், வாரண்டி அந்தக் கேமராவுக்கும் சேர்த்துத்தான் என்று ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குங்கள்.

கணக்குப்பிள்ளை:

அதே தாளில் சிஓஇ ரிபேட் எந்த விலையில் ஆரம்பிக்கிறது என்பதையும் பாருங்கள். சிஓஇ அதற்குக் கீழே விழுந்தால்தான் உங்களுக்குப் பணம் திரும்பி வரும், கார் விலையில் தள்ளுபடி கொடுத்துவிட்டு அந்த எண்ணைக் கீழே இறக்கி வைப்பவர்கள் உண்டு. உத்தரவாதமில்லாத சிஓஇ என்றால் எத்தனை ஏலத்துக்குள், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்புமா, இது இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.