செண்டுக்கு நீலப்பூ எது?

தங்கச்சிட கலியாணத்துக்குச் செண்டுல நீலப்பூ வேணுமாம், ஒத்தக்கால்ல நிக்கிறா. சாயம் ஏத்தின ரோசாவை வாங்கித் தண்டை வெட்டினேன், உள்ளுக்கும் நீலம், விரல்லயும் ஒட்டிற்று. மனசுக்குப் புடிக்கல்ல. மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கம் என்ன எடுக்கலாம்? பூவுட கருத்தும் நல்லதா இருக்கணும்.

பதில்:
நுவரெலியால வளர்ற ஹைட்ரேஞ்சியா, கொத்துக் கொத்தாப் பூக்கிற பூ. புளிப்பு மண்ணுல வளர்ந்தாத்தான் நீலம். வெள்ளைக்காரருக்கு மணமகள்ட நீலம் விசுவாசத்துக்கு அடையாளம்.

பதில்:
தம்பி, நம்மட குளத்து நீலோற்பலம் இருக்கக்குள்ள நுவரெலியா எதுக்கு? 1986ல இலங்கைட தேசியப்பூவாக்கினது அதைத்தான். மன்மதன்ட ஐந்து அம்புல ஒண்டு, பழம்பாட்டுல பெண்ட கண்ணுக்கு உவமை. இதைவிட என்ன கருத்து வேணும்? ஆனா வெயில் சாய இதழ் கூம்பிடும். என்ட மகளுக்கு விடியப் பறிச்சு, இதழடியில மெழுகுதிரி உருக்கிச் சொட்டு விட்டேன். பின்னேரம் வரைக்கும் விரிஞ்சே நிண்டது.

கேட்டவர்:
மெழுகு விசயம் தெரியாதக்கா. நாளைக்கே ரெண்டு பூவுல செய்து பார்க்கிறன்.