பர்மாவில் இறந்த விமானப்படை வீரர்: சர்ச் சுவரில் தேய்ந்த கல்லை வாசிப்பது, விவரம் தேடுவது எப்படி?

பரளியாறு:
மார்த்தாண்டம் பக்கம் ஒரு பழைய சர்ச்சில் உள்சுவரில் பதித்த வெள்ளைப் பளிங்குக் கல். "கொல்லம் 1119 மாசி 12", "பர்மா", "விமான", "வயது 21", பெயரில் "தேவ", இவ்வளவுதான் தெரியுது. சொந்தக்காரங்க யாரும் ஊரில் இல்லை. இந்தப் பையன் யார், எங்கே அடக்கம்? மீதி எழுத்தைக் கல் கெடாம எப்படி வாசிக்கிறது? பெயர் முழுசா அழியிறதுக்குள்ள செய்யணும்.

வேளிமலை:
முதல்ல தேதி. கொல்லம்னா பழைய திருவிதாங்கூர், கேரள ஆண்டுக் கணக்கு. ஆங்கில ஆண்டு வர, ஆவணியிலிருந்து மார்கழி பாதி வரை கொல்லம் ஆண்டோட 824 கூட்டணும், அதுக்கப்புறம் 825. அப்போ இது 1944 பிப்ரவரி கடைசி வாரம். ஆனா அந்த நாளையே பிடிச்சுக்கிட்டுத் தேடாதீங்க. பல வீடுகளுக்கு முதல்ல "காணவில்லை"ன்னுதான் தந்தி வந்தது. தந்தி வந்த நாளையே கல்லில் வெட்டியிருக்கலாம். அதனால 1943 அக்டோபரிலிருந்து பாருங்க.

உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் படையினரின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையதளத்தில் பெயர்க் கட்டத்தைக் காலியா விட்டு, விமானப்படை, தேதி எல்லை மட்டும் கொடுங்க. தேவசகாயம், தேவதாஸ், தேவராஜ் எதுவா இருந்தாலும் ஆங்கிலத்தில் நாலு விதமா எழுதியிருப்பாங்க. அப்பா பெயரே கடைசிப் பெயரா பதிவாகியிருக்கும். வர்ற பட்டியலில் "கூடுதல் விவரம்" வரியை ஒவ்வொண்ணா வாசிங்க. பெற்றோர் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்தான். மெட்ராஸ்னு தேடினா கிடைக்காது, திருவிதாங்கூர்னு தேடணும்.

தோவாளை:
வேளிமலை அண்ணாச்சி சொன்னதோட இதையும் பாருங்க. அந்த பிப்ரவரியில் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான் போர்முனையில் நம்ம இந்திய விமானப்படையின் 6-ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) ஹரிக்கேன் போர் விமானமும், 8-ஆம் ஸ்குவாட்ரன் வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானமும் ஓட்டிக்கிட்டிருந்தது. ஹரிக்கேனில் ஒரே ஆள். வெஞ்சன்ஸில் பைலட்டும், பின்னால வயர்லெஸ்-துப்பாக்கி வீரரும்னு இரண்டு பேர். ஒரே நாளில், ஒரே ஸ்குவாட்ரனில் இரண்டு பெயர் வந்தா, ஒரே விமானத்தில் போனவங்களான்னு பாருங்க. ஒருத்தர் விவரம் கிடைச்சா மற்றவர் கதையும் திறக்கும். ஸ்குவாட்ரனின் நாள்வாரிப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 (AIR 27) வரிசையில் இருக்கு.

உடல் கிடைக்காத விமானப்படையினரின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் இருக்கும். கல்லறை ரங்கூன் பக்கம் தௌக்யானில்னு பதிவு வந்தா குழம்ப வேண்டாம். அக்யாப், மாண்டலே, மெய்க்திலா, சஹ்மாவ்னு போய்ப் பார்க்கவே சிரமமான இடங்களில் இருந்த கல்லறைகளை 1951-க்கு அப்புறம் அங்கே மாற்றினாங்க. விமானம் விழுந்த இடம் வேறயா இருக்கும். டில்லி தேசியப் போர் நினைவகத்தில் தேட வேண்டாம். அங்கே இருக்கிற பெயர்கள் சுதந்திரத்துக்கு அப்புறம் இறந்தவங்களுடையது.

மயிலாடிக் கல்:
கல்லுக்கு வருவோம். ராத்திரி விளக்கை அணைச்சு, டார்ச்சைச் சுவரோட ஒட்டினாப்பல பக்கவாட்டில் பிடிங்க. நிழல் விழுந்து தேய்ந்த வெட்டும் தெரியும். நாலு பக்கத்திலிருந்தும் அடிச்சு, கேமராவை அசைக்காம நேர் எதிரே வெச்சுப் படமெடுங்க. எழுத்தில் ஈயம் நிரப்பியிருந்து கொட்டிப்போயிருந்தா, பள்ளத்துக்குள்ள ஈயம் பிடிச்சிருக்கத் துளைச்ச சின்னக் குழிகள் மிச்சம் இருக்கும். அந்தக் குழிகளை வரிசையா இணைச்சுப் பார்த்தாலே எழுத்து வடிவம் வந்துடும்.

புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் கூடாது. பளிங்கு கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டா கரையும். கம்பி பிரஷ் வேண்டாம். கோதுமை மாவு தடவி வாசிக்கிறதும் வேண்டாம், மிச்சம் ஒட்டினது பூசணம் பிடிக்கும். சுத்தமான தண்ணியும் மெல்லிய நார் பிரஷ்ஷும் போதும். கல்லோட ஓரத்தில் பூச்சு விட்டிருந்தா சிமெண்ட் பூசாதீங்க, ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்து கல் பொரிஞ்சுபோகும். சுண்ணாம்புக் காரைதான் சரி. தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் ஓய்ந்து சுவர் காயுற மாசி, பங்குனியில் வேலையை வெச்சுக்கோங்க.

பழைய எழுத்தின் மேலேயே திரும்ப வெட்டக் கூடாது. சபையில் அனுமதி வாங்கி, கீழே தனியா ஒரு கருங்கல் பலகை வையுங்க. பதவி, சர்வீஸ் எண், பெயர், ஸ்குவாட்ரன், கொல்லம், ஆங்கிலம் இரண்டு முறையிலும் தேதி, கல்லறை அல்லது நினைவுச் சுவர் இருக்கும் இடம், இவ்வளவு இருக்கணும். எழுத்து 3 மில்லிமீட்டர் ஆழமாவது வெட்டச் சொல்லுங்க. விவரமெல்லாம் ஆணையப் பதிவோட ஒத்துப்போன பிறகு மட்டும் புதுப் பலகையைக் கொத்தக் கொடுங்க.