அலாஸ்கா கப்பலில் இரவுச் சாப்பாடு: முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா, நினைத்த நேரமா?

குடந்தைப்பெண்:

வணக்கம். ஜூன் கடைசியில் சியாட்டிலிலிருந்து கிளம்பும் ஏழு இரவு அலாஸ்கா கப்பலில் இடம் போட்டிருக்கிறோம். ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன், திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியா. நாங்கள் ஆறு பேர்: நான், கணவர், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பையன்கள், கும்பகோணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்திருக்கும் அப்பா, அம்மா. வீடு டாலஸில்.

முன்பதிவில் இரவுச் சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. மாலை 5:30-க்கு முதல் பந்தி, இரவு 8 மணிக்கு இரண்டாம் பந்தி. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் ஏழு இரவும் ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர். மூன்றாவது 'மை டைம்'. அதில் நமக்குத் தோன்றிய நேரத்தில் போகலாம், காலியாக இருக்கும் மேசையில் உட்கார வைப்பார்கள்.

கணவர் மூன்றாவதைத்தான் சொல்கிறார். "லீவில் போயும் மணி பார்த்துச் சாப்பிடணுமா?" என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கும் படகு, ஸ்காக்வேயில் வைட் பாஸ் மலை ரயில் என்று வெளியே போய்விட்டு எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று இப்போதே சொல்ல முடியாது.

என் கவலையெல்லாம் அப்பா அம்மாவைப் பற்றி. அப்பா வெங்காயம், பூண்டு சேர்க்காத சைவம். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைப்பவர். ஒரு முறை கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டால் அடுத்த முறை கேட்கவே மாட்டார்; ரொட்டியும் பழமும் போதும் என்று எழுந்துவிடுவார். அம்மாவுக்குச் சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். வீட்டில் ஏழரைக்குச் சாப்பிடுவார். ஐந்தரை மணி என்பது எங்கள் வீட்டில் டிபன் நேரம், அப்போது எப்படிச் சாப்பாடு இறங்கும்? எட்டு மணி என்றால் சின்னவன் மேசையிலேயே தூங்கிவிடுவான்.

பஃபே இருப்பது தெரியும். ஆனால் அம்மா இத்தனை வருஷம் எல்லாருக்கும் பரிமாறியவர். ஒரு வேளையாவது உட்கார்ந்த இடத்தில் அவருக்கு யாராவது பரிமாற வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எதை எடுத்தீர்கள்?

---

மழைநகரம்:

முதல் பந்தியை எடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு அதுதான் சரி. ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் சியாட்டில்காரர்கள், மாமியாரோடு இதே வழித்தடத்தில் போய் வந்தவர்கள்.

முதலில் அந்த ஐந்தரை மணி விஷயம். கப்பல் வடக்கே போகும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்து அலாஸ்கா நேரத்துக்கு மாற்றிவிடுவார்கள். டாலஸ் கணக்கில் அது மூன்று மணி நேரம் பின்னால். அதாவது கப்பலில் 5:30 என்றால் உங்கள் அம்மாவின் உடம்புக்கு மணி 8:30. எட்டு மணிப் பந்தி உடம்புக்கு இரவு 11! இன்சுலின் போடுகிறவருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது ஆகாது. டிபன் நேரமாயிற்றே என்ற கவலையே வேண்டாம், முதல் இரண்டு மூன்று நாள் ஐந்தரைக்குள்ளேயே எல்லாருக்கும் நல்ல பசி எடுத்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். ஜூன் கடைசியில் ஜூனோவில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். ஐந்தரைக்கு உட்கார்ந்து ஏழுக்கு எழுந்தால் இன்னும் மூன்று மணி நேரம் வெளிச்சம் இருக்கும். மேல்தளத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் மலை, அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கிலம் விடும் மூச்சு தெரியும். அலாஸ்காவுக்குக் காசு கொடுத்துப் போவதே அதற்குத்தான். அந்த நேரத்தில் இரண்டாம் பந்திக்காரர்கள் உள்ளே சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உங்கள் அப்பாவுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சைவச் சாப்பாடு எல்லாக் கப்பலிலும் கிடைக்கும். இந்தியச் சைவம்கூடப் பல கப்பல்களில் கிடைக்கும், சமையலறையிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் நம் நாட்டவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு என்றால் முந்தின நாளே சொல்லி வைத்தால்தான் தனியாகச் செய்ய முடியும். ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கும் இடத்தில் அடிப்படைக் குழம்பு எல்லாம் காலையிலேயே தயாராகிவிடும். மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் வேகவைத்த காய்தான் வரும்.

ஒரே மேசை என்றால் இது எப்படி நடக்கும் தெரியுமா? எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டவர் கோவாக்காரர். முதல் இரவு இனிப்பு வைத்ததும் மறுநாள் மெனு அட்டையை எடுத்துக்கொண்டு மாமியார் பக்கத்தில் வந்து, அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்து நின்றார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, "இது ஆகாது, இதில் பூண்டு. இதை நான் மாற்றிச் செய்யச் சொல்கிறேன்" என்று இந்தியில் சொன்னார். மாமியாருக்கு இந்தி அரைகுறைதான், ஆனாலும் எல்லாம் புரிந்தது. மறுநாள் ஜீரா சாதம், பருப்பு, வெண்டைக்காய் வந்தது. சாப்பிட்டு முடிக்கும்போது மாமியார் தயிர் கிடைக்குமா என்று என்னிடம் மெல்லக் கேட்டதை அவர் கவனித்திருக்கிறார். அடுத்த இரவிலிருந்து கடைசியில் ஒரு கிண்ணம் வெறும் சாதமும் ஒரு கிண்ணம் தயிரும் கேட்காமலேயே வந்து நின்றன. உப்புக் கிண்ணத்தையும் பக்கத்தில் நகர்த்தி வைப்பார். அதற்குப் பிறகு மாமியார் கூச்சத்தை விட்டுவிட்டு அவரிடம் அவர் வீட்டைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றியெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கேட்கத் தயங்கும் பெரியவர்களுக்கு இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். தினம் ஒரு புதிய மேசை, ஒரு புதிய ஆள் என்றால் உங்கள் அப்பா தினமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாம் நாளே ரொட்டிக்குப் போய்விடுவார்.

வெளியே போகும் நாட்களைப் பற்றிக் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பந்திக்குப் போயே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஜூனோவில் பல கப்பல்கள் இரவு ஒன்பது, பத்து வரைகூட நிற்கும். அன்று படகில் போய் நேரமாகிவிட்டால் பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம். முந்தின நாளே பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால் நல்லது, உங்கள் அப்பாவுக்காகத் தனியாகச் செய்து வைத்தது வீணாகாது.

---

ஜெர்சிக்காரர்:

மழைநகரம் சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் 'மை டைம்' என்றாலே தினம் ஒரு புது ஆள் என்று இல்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாங்கள் அதைத்தான் எடுத்தோம். ஏறிய அன்றே செயலியில் ஏழு இரவுக்கும் 6:15 என்று பதிந்துவிட்டேன். முதல் இரவு சாப்பிட்டு முடித்ததும் கூடத்தின் பொறுப்பாளரிடம் போய், இதே ஆளின் மேசையை எங்களுக்குத் தொடர்ந்து கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கொடுத்தார்கள். நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. ஐந்தரை ரொம்பச் சீக்கிரம் என்று நினைப்பவர்களுக்கு இது நடுவழி.

பதியாமல் போவதை மட்டும் செய்யாதீர்கள். வேறொரு பயணத்தில், எல்லாரும் அலங்கரித்துக்கொண்டு வரும் இரவில், ஏழு மணிக்குப் போய் ஆறு பேருக்கு மேசை கேட்டோம். இரண்டு பேர் மேசை உடனே கிடைக்கிறது, ஆறு பேருக்கு இல்லை. பட்டுப்புடவையில் என் அம்மா வரவேற்புப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். சர்க்கரை உள்ளவரை அப்படி நிற்க வைக்கவே கூடாது. ஆறரையிலிருந்து ஏழரை வரைதான் நெரிசல் நேரம்.

பையன்களைப் பற்றி ஒன்று: உட்கார்ந்ததும் குழந்தைகளுக்கு முதலில் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கு ஒவ்வொன்றாக வந்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும், ஐந்து வயதுக்காரன் அவ்வளவு நேரம் உட்கார மாட்டான்.

இந்தத் தேர்வு எல்லாக் கம்பெனியிலும் இருக்காது என்பதையும் வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நார்வீஜியன் 2000-லேயே நிலையான பந்தியை விட்டுவிட்டு 'ஃப்ரீஸ்டைல்' என்று மாறிவிட்டது, அதில் எல்லாமே நினைத்த நேரம்தான். டிஸ்னி கப்பலில் உணவகம் இரவுக்கு இரவு மாறும், பரிமாறுபவர் மட்டும் உங்களோடு கூடவே வருவார். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

---

கடல்காக்கை:

சாப்பாட்டை விட அவசரமான விஷயம், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்பா அம்மா இந்தியப் பாஸ்போர்ட்டா? விக்டோரியா கனடாவில் இருப்பதால் கனடா விசா வேண்டும். கப்பலை விட்டு இறங்கமாட்டோம் என்று சொன்னாலும் ஏறும்போது கேட்பார்கள். அமெரிக்க விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். இதை இன்றைக்கே பாருங்கள்.

---

குடந்தைப்பெண்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கனடா விசா இரண்டு பேருக்கும் ஏற்கெனவே இருக்கிறது, நினைவுபடுத்தியது நல்லதே.

மணிக்கணக்கைக் கணவரிடம் காட்டினேன். 8 என்பது டாலஸுக்கு 11 என்றதும் இரண்டாம் பந்தி பேச்சே போய்விட்டது. 'மை டைம்' எடுத்து 6:15 பதிவதா என்றும் யோசித்தோம். அப்பாவுக்காக முதல் பந்தியே என்று முடிவு செய்துவிட்டோம். கட்டாயம் இல்லை என்று தெரிந்த பிறகு கணவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்து உட்கார வைப்பார்களா? அம்மாவுக்கு இன்சுலின் வைத்திருப்பதற்கும் போடுவதற்கும் ஏதாவது முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா?

---

மழைநகரம்:

ஆறு பேர் என்றால் பெரும்பாலும் தனி மேசைதான் கொடுப்பார்கள். பத்துப் பேர் மேசையில் சேர்த்துவிட்டார்கள் என்றால் மாற்றித் தரச் சொல்லலாம். ஏறிய அன்று பிற்பகலிலேயே சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பொறுப்பாளர்கள் இதற்காகவே உட்கார்ந்திருப்பார்கள். பெட்டி அறைக்கு வந்ததா என்று பார்ப்பதற்கு முன் அங்கே போய்விடுங்கள், நேரம் ஆக ஆக நல்ல மேசைகள் போய்விடும். கதவுக்குப் பக்கத்தில் கேளுங்கள், அம்மா நிறைய நடக்க வேண்டாம்.

இன்சுலினுக்கு: அறையில் இருக்கும் சின்ன குளிர்பெட்டி பானத்துக்குத்தான், அவ்வளவு குளிராது. மருந்துக்கென்று தனியாக ஒன்று வைக்கச் சொல்லிக் கப்பல் கம்பெனியிடம் இப்போதே கேட்டு வையுங்கள். போட்டு முடித்த ஊசியைப் போட்டுவைக்கும் டப்பாவும் கேட்டால் தருவார்கள். அப்பாவின் வெங்காயம்-பூண்டு விஷயத்தையும் அதே நேரத்தில் பதிவில் எழுதச் சொல்லுங்கள், 'ஜெயின் சாப்பாடு' என்று சொன்னால் சமையலறையில் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஆனால் ஜெயின் என்றால் உருளைக்கிழங்கு, கேரட்டும் சேர்க்கமாட்டார்கள். அப்பா அவற்றைச் சாப்பிடுவார் என்றால் முதல் இரவே பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடை வந்துவிடும், முக்கியமான சாப்பாடு வர அரை மணிக்கு மேலும் ஆகலாம். அதனால் அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டு வரலாமா, தட்டு வந்த பிறகு போடுவதா என்று அம்மாவின் டாக்டரிடம் கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். நேர மாற்றத்தையும் அவரிடம் சொல்லுங்கள். எங்கள் மாமியாருக்கு டாக்டர் மணி வாரியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், அதைப் பரிமாறுபவரிடமும் காட்டினோம். அன்றிலிருந்து அவருடைய தட்டுதான் மேசைக்கு முதலில் வந்தது.